அறிக்கையின் அடியில் ஒரு கையெழுத்து

விழுப்புரத்திலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால், விக்கிரவாண்டியைத் தொடுவதற்கு முன்னால் வருவது முண்டியம்பாக்கம். ரயில் நிலையமும் சர்க்கரை ஆலையும் அந்த ஊரை ஒரு காலத்தில் அடையாளம் காட்டின. 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி அங்கே தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. 'முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டு போயிருக்காங்க' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முகம் சட்டென்று மாறும். கரும்பு வண்டியை யாரும் நினைப்பதில்லை.

அங்கே வரும் நோயாளி பலரைப் பார்க்கிறார். ஓ.பி. சீட்டு எழுதுபவர், ரத்தம் எடுப்பவர், வார்டு சிஸ்டர், ஹவுஸ் சர்ஜன், ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் எல்லாரும் அவர் கண்ணில் படுவார்கள். படாத ஒரு மருத்துவர் உண்டு. ஊதா மூடி போட்ட குப்பியில் போன ரத்தமும் ஃபார்மலின் டப்பாவில் போன சதைத் துண்டும் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வந்து சேர்கின்றன. அவர்தான் பேத்தாலஜிஸ்ட். ஊருக்கு அவர் 'லேப்காரர்'. எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேலும் மூன்று வருடம் படித்த ஒருவரை அப்படிச் சொல்கிறார்கள் என்பது பேத்தாலஜிஸ்டுகளுக்கே பழகிப்போன விஷயம்.

இந்தச் சொற்பொழிவு அந்த மருத்துவரைப் பற்றியது. அவர் என்ன படித்திருக்கிறார், அவருக்கும் காப்பீட்டுக்கும் என்ன உறவு என்ற இரண்டு கேள்விகள்தான் இதில். நோயாளியின் காப்பீட்டுப் பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் அவர் எழுதும் நாலு வரியில் தொங்குகிறது. ஆனால் அந்த நாலு வரிக்கான செலவை ஏற்கத்தான் காப்பீடு மிகவும் தயங்குகிறது. இந்த முரண்தான் இன்றைய பேச்சு.

முதலில் படிப்பு. நாலரை வருடம் எம்.பி.பி.எஸ்., ஒரு வருடம் பயிற்சி மருத்துவர், பிறகு முதுநிலை நீட், பிறகு மூன்று வருடம் எம்.டி. பேத்தாலஜி. கொஞ்சம் மூத்த தலைமுறையில் டி.சி.பி. என்ற இரண்டு வருட டிப்ளமோ முடித்தவர்கள் நிறையப் பேர். மாவட்டத் தலைநகரங்களில் ரத்தப் பரிசோதனையை வளர்த்தவர்கள் அவர்களே. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உறுப்புகளைப் படிப்பது, ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றிப் பார்ப்பது, ஊசியால் உறிஞ்சிய செல்களைப் பார்ப்பது, ரத்த வங்கியை நடத்துவது எல்லாம் அந்த மூன்று வருடத்தில் அடக்கம். தினமும் காலையில் ரத்தத் தகட்டில் ஊற்றும் லீஷ்மன் சாயத்துக்குப் பின்னால் ஒரு சென்னைக் கதை இருக்கிறது. காலா அசார் நோயின் ஒட்டுண்ணியைப் பற்றி வில்லியம் லீஷ்மன் எழுதி வெளியிட்ட அதே 1903-ல், மதராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்பவரும் அதைக் கண்டார். அவர் மதராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். அந்த நுண்ணுயிருக்கு இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே நிலைத்துவிட்டது. சாயத்துக்கு மட்டும் லீஷ்மன் பெயர்.

லேப் டெக்னீஷியன் வேறு. டி.எம்.எல்.டி. படித்த அவர் இல்லாவிட்டால் எந்த ஆய்வுக்கூடமும் அரை நாள் ஓடாது. மெஷினை ஓட்டுவது, கட்டுப்பாட்டு மாதிரியை வைத்துச் சரிபார்ப்பது, எண்ணை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அந்த எண்ணுக்குப் பொருள் சொல்வது மருத்துவரின் வேலை. இந்த எல்லைக்கோடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குஜராத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், ஆய்வறிக்கையில் மேலொப்பமிட வேண்டியவர் பேத்தாலஜியில் முதுநிலைத் தகுதியுள்ள பதிவு பெற்ற மருத்துவரே என்ற மருத்துவக் கவுன்சிலின் நிலையை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் பிறகு மத்திய அரசு விதிகள் சில தளர்வுகளைக் கொண்டுவந்தன. அடிப்படைப் பரிசோதனை மட்டும் செய்யும் சிறிய கூடங்களில், விளக்கம் எதுவும் எழுதாமல் எண்ணை மட்டும் தருவதற்கு வழி விட்டன. தமிழ்நாட்டுக்கு 1997-லேயே தனிச் சட்டம் உண்டு. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் அந்தச் சட்டத்துக்கு விதிகள் வந்ததோ 2018-ல். இடைப்பட்ட இருபத்தோரு வருடம் சட்டம் தூங்கியது என்று சொன்னால் அதிகாரிகள் கோபித்துக்கொள்ளக் கூடும். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்தால் லேப் பெயர்ப் பலகைகளுக்குக் குறைவே இல்லை. அவற்றில் கொடுக்கும் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கும். கையெழுத்துக்குக் கீழே பெயர், பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? ஸ்கேன் செய்து வைத்த கையெழுத்து பல ஊர்களில் ஒரே நேரத்தில் அச்சாகிறது என்ற புகாரை எழுப்பியவர்கள் நோயாளிகள் அல்லர், பேத்தாலஜிஸ்ட் சங்கங்களேதான்.

எண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்துக்கு ஒரு உதாரணம் போதும். மூன்று மாதச் சர்க்கரை என்று ஊரில் சொல்லும் எச்பிஏ1சி, 6.5 சதவீதத்தைத் தொட்டால் நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு, சர்க்கரை நோய் இல்லாமலே அந்த எண் ஏறிக் காட்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கு இறங்கிக் காட்டும். மெஷின் இதைச் சொல்லாது. அதே ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தகட்டில் பார்த்தவருக்கு அவை வெளிறிச் சிறுத்திருப்பது தெரியும். 'ரத்தசோகையைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்' என்று அடியில் ஒரு வரி சேர்ப்பார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் ஃபைலில் 'நீரிழிவு' என்று ஏறிவிடும். நாளைக்குக் காப்பீடு எடுக்கப் போகும்போது அது ஏற்கெனவே இருந்த நோயாக எதிரே வந்து நிற்கும்.

காப்பீட்டுக் கதைக்கு வரலாம். தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு அறுவை சிகிச்சைக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது; ஸ்டார் ஹெல்த் நிறுவனம் நடத்தியது. ஆட்சி மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுபிறவி எடுத்தது. இந்த முறை பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா. இரண்டு நிறுவனங்களுக்கும் தலைமையகம் சென்னைதான். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்றானது. வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, பிறகு 1,20,000 ஆனது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், கலெக்டர் ஆபீசில் போட்டோ என்று அலைந்து அட்டை வாங்கியவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்.

இனி ஒரு கட்டியைப் பின்தொடர்வோம். மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியோடு ஒரு பெண் அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுக்கிறார்கள். அது உடனே பத்து சதவீத ஃபார்மலினில் விழ வேண்டும். அவசரத்தில் யாராவது உப்புநீரில் போட்டுவிட்டால் செல்கள் ஊறி அழுகத் தொடங்கிவிடும். பிறகு எந்த நிபுணர் பார்த்தாலும் பயனில்லை. ஃபார்மலினிலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் செய்யப்போகும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை பொய் சொல்லும். சனிக்கிழமை மதியம் எடுத்த துண்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை அலமாரியில் கிடந்தால் இந்தக் கணக்கு தவறிவிடும். பிறகு ஆல்கஹால், சைலின், உருகிய மெழுகு. மெழுகுக் கட்டியை மைக்ரோடோமில் வைத்து மூன்று நாலு மைக்ரான் தடிமனில் சீவுகிறார் டெக்னீஷியன். சீவல் வெந்நீரில் மிதக்கும். சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி எடுப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும். ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய அந்தத் தகடு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும்.

அந்த நாட்களில் வார்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு எரிச்சல் வருவது இயல்புதான். 'ரிப்போர்ட் இன்னும் வரல' என்ற வாக்கியத்தை ஒரு நாளில் எத்தனை முறை கேட்க வேண்டியிருக்கிறது! ஆனால் அந்த ரிப்போர்ட் வராமல் அடுத்த கதவு திறக்காது. புற்றுநோய் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்கும்போது இணைக்க வேண்டிய முதல் காகிதம் திசுப் பரிசோதனை அறிக்கை. 'சந்தேகத்துக்குரியது' என்று இருந்தால் நிற்கும். 'ஊடுருவும் புற்று' என்று இருந்தால் நகரும். விலை கூடிய டிராஸ்டுசுமாப் மருந்து பயன்படுமா என்பதை ஹெர்-2 என்ற இன்னொரு சோதனை தீர்மானிக்கும். அதையும் படிப்பவர் அதே பேத்தாலஜிஸ்ட்.

இவ்வளவுக்கும் அவருக்குத் திட்டத்தில் தனி இடம் கிடையாது. சிகிச்சைக்கு ஒரு பேக்கேஜ் தொகை. படுக்கை, சர்ஜன், மயக்க மருந்து, மருந்து, சாப்பாடு, பரிசோதனை எல்லாம் அதற்குள். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி சேர்வதற்கு முந்தைய மூன்று நாள், வீட்டுக்குப் போன பிறகு பதினைந்து நாள் வரையிலான பரிசோதனைச் செலவும் அதிலேயே அடங்கும். மாநிலத் திட்டத்தில் தொடக்கத்திலேயே 1016 சிகிச்சைகளோடு 23 நோயறி பரிசோதனைகளைத் தனியே சேர்த்தார்கள். பிறகு அது 38 ஆனது. இதைப் பாராட்ட வேண்டும். அறுவைக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது என்பதைச் சென்னை ஒப்புக்கொண்டது. ஆனாலும் தனியார் மருத்துவமனை பேக்கேஜுக்குள் லாபம் பார்க்க நினைத்தால், முதலில் சுருக்கத் தோன்றுவது பரிசோதனைச் செலவைத்தான். சர்ஜனின் பங்கைக் குறைக்க யாருக்கும் தைரியம் வராது.

சொந்தக் காசில் பாலிசி எடுத்தவர்கள் நிலைமை வேறு மாதிரி. ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக விலக்குகளின் பட்டியலை ஒரே சீராக்கியது. அதில் நாலாவது எண்ணைப் பாலிசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். பரிசோதனைக்காகவும் நோயைக் கண்டறிவதற்காகவும் மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடையாது என்கிறது அது. நடப்பது என்ன? காரணம் தெரியாத காய்ச்சல், ஓ.பி.யில் டெஸ்ட் எடுத்தால் காசு வராது என்பதால் 'ஒரு நாள் அட்மிட் பண்ணிடலாம்' என்கிறார்கள். ஒன்றரை நாள் படுக்கை, நாலு பாட்டில் குளுக்கோஸ், பன்னிரண்டு டெஸ்ட். கிளெய்ம் போகிறது. நாலாவது விலக்கைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். நோயாளிக்கு டெஸ்ட் செலவோடு படுக்கைச் செலவும் சேர்ந்து தலையில் விழுகிறது.

அந்த விலக்குக்கு உள்ளேயே ஒரு சந்து உண்டு. சேர்ந்த பிறகு ஒரு நோய் உறுதியாகி அதற்குச் சிகிச்சையும் நடந்திருந்தால், அந்த நோயோடு தொடர்புள்ள பரிசோதனைச் செலவைத் தர வேண்டும். ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசி 2020 ஏப்ரலில் வந்தது. சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிறகு 60 நாள் செலவும் அதில் உண்டு. ஆக, முந்தைய 30 நாளுக்குள் திண்டிவனத்தில் எடுத்த பயாப்ஸியின் பில்லையும் மருத்துவர் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தவர் அந்தப் பணத்தைக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட் மட்டும் போதாது. பில் வேண்டும், எழுதிக்கொடுத்த டாக்டர் சீட்டு வேண்டும், ரிப்போர்ட்டின் அடியில் தகுதியுள்ள ஒருவர் கையெழுத்து வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 1948-ல் போட்ட சட்டத்திலிருந்து வந்த அந்தத் திட்டத்தில் ஓ.பி. பரிசோதனையும் சேர்த்தி. எழுபது வருடத்துக்கு மேல் பழைய திட்டம் செய்வதைப் புத்தம்புதிய பாலிசிகள் 'கூடுதல் வசதி' என்று தனியாக விற்கின்றன.

அமெரிக்காவில் இந்தக் கதை தலைகீழ். அங்கே எந்த மருத்துவரைத் தேடினாலும் இரண்டு விவரம் சேர்ந்தே கிடைக்கும். ஒன்று எங்கே படித்தார், எந்தத் துறையில் போர்டு சான்று என்பது. மற்றது எந்தெந்தக் காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார் என்பது. பேத்தாலஜிஸ்டுக்கும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், ஆஸ்பத்திரி ஒப்பந்தத்துக்குள் இருக்கும், சர்ஜன் இருப்பார், சதைத் துண்டைப் பார்த்த பேத்தாலஜிஸ்ட் மட்டும் வெளியே இருப்பார். இரண்டு மாதம் கழித்து, முகமே பார்க்காத ஒருவரிடமிருந்து தனி பில் வந்துகொண்டிருந்தது. நோயாளி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுக்கவும் முடியாது. இந்தத் திடீர் பில்லைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. 2022 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. மயக்க மருத்துவர், கதிரியக்க மருத்துவர் ஆகியோரோடு பேத்தாலஜிஸ்டையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முண்டியம்பாக்கத்தில் அப்படி ஒரு தனி பில் வராது. அது பெரிய நிம்மதி. ஆனால் அவர் யார், என்ன படித்தார் என்று கேட்கும் பழக்கமும் வரவில்லை.

நெடுஞ்சாலை மருத்துவமனை என்பதால் முண்டியம்பாக்கத்துக்கு விபத்து கேஸ்கள் ஓயாது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பர் 18 அன்று இதே சாலையில், திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். தொடங்கியபோது 81 சிகிச்சைகள், ஒரு லட்சம் ரூபாய் வரை. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. ரத்த வங்கியில் குரூப் பார்த்து, கிராஸ் மேட்ச் செய்து, பை இறங்குவதற்குள் ஓடும் நிமிடங்களில்தான் அந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

வண்டி ஓட்டியவர் குடித்திருந்தாரா என்ற கேள்வியும் கூடவே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ம் பிரிவு, நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்த ரத்தத்தை எடுக்கும் முன் தோலை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கக் கூடாது, ஸ்பிரிட்டே ஆல்கஹால்தானே. பழக்கதோஷத்தில் ஒரு நர்ஸ் துடைத்துவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ள அது ஒன்றே போதும். தனிநபர் விபத்துப் பாலிசிக்காரரின் குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் அந்தப் பஞ்சில் சிக்கிக்கொள்ளும்.

எந்தப் பட்டியலிலும் விலை இல்லாத ஒரு பரிசோதனையும் இங்கே உண்டு. கரும்புக் கொல்லையிலும் மல்லாட்டைக் காட்டிலும் வேலை செய்பவரைப் பாம்பு கடித்தால், இரண்டு மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் மாதிரி ரத்தத்தைக் கெடுக்கும் விஷம். விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத் தூளில் கழுவிய பழையதாக இருந்தாலோ, நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்தச் சோதனை ஒரு வரியாகக்கூடத் தெரியாது. கடிபட்டவருக்கு இதுதான் முதல் தீர்ப்பு.

ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை, காப்பீட்டில் ஒருவரை வெளியே தள்ளிய காலமும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் முதலில் கண்டது சென்னைதான். மதராஸ் மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனை வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. சுனிதி சாலமன் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பேத்தாலஜியில் பயிற்சி பெற்றுவிட்டு 1973-ல் ஊர் திரும்பியவர். அந்த நோய் இருப்பதாலேயே காப்பீடு மறுக்கப்பட்டவர்களுக்காகச் சட்டம் இயற்ற 2017 வரை ஆயிற்று. கணிப்பியல் ஆய்வின் ஆதாரம் இல்லாமல் காப்பீட்டை மறுப்பதோ பாகுபாடு காட்டுவதோ கூடாது என்று அந்த ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. பொதுவான பாலிசிகளிலும் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. முன்பிருந்த நோய்க்கான காத்திருப்பு 2024 விதிகளின்படி மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'அன்றைக்கு ஏன் சொல்லவில்லை' என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்ட முடியாது.

ஒரு லேப் சரியாகச் சொல்கிறதா என்பதை வெளியாள் எப்படி அறிவது? என்.ஏ.பி.எல். அங்கீகாரம் ஒரு வழி. மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம் வெகுகாலம் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு ஒரு விலை, பெறாததற்கு அதைவிடக் குறைந்த விலை என்று வைத்திருந்தது. இன்னொரு வழி பெரும்பாலும் வெளியே தெரியாதது. வேலூர் சி.எம்.சி.யிலிருந்து மாதந்தோறும் விடை தெரியாத மாதிரிகள் நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்குப் போகின்றன. அவரவர் கண்ட எண்ணை அனுப்ப வேண்டும்; மற்றவர்கள் எண்ணோடு ஒப்பிட்டு மதிப்பெண் வரும். பதிவு செய்துகொண்டு பணம் கட்டிப் பரீட்சை எழுதும் லேபுகள் இவை. 'உங்கள் லேப் இதில் இருக்கிறதா' என்று கேட்பது தவறில்லை. முகம் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு உரிமை. பயாப்ஸி முடிந்ததும் அந்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் குப்பைக்குப் போவதில்லை. ஆய்வுக்கூடத்தில் எண் போட்டு வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கோ மறு கருத்துக்குப் போகிறவர், எழுதிக் கொடுத்து அவற்றைக் கேட்டு வாங்கலாம். அங்கே இன்னொரு பேத்தாலஜிஸ்ட் அதே சீவலைப் பார்ப்பார், தேவையானால் அதே கட்டியிலிருந்து புதிதாகச் சீவச் சொல்வார். நோயாளிக்கு மறுபடி ஊசி வேண்டியிருக்காது. இரண்டு அறிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் முன் அனுமதிக் கோரிக்கையோடு இரண்டையுமே இணைக்க வேண்டும். கட்டியைக் கொண்டுபோகும்போது மே மாத வெயிலில் பஸ் ஜன்னலோரம் வைக்காமல் இருப்பது நல்லது, மெழுகு இளகிவிடக் கூடும்.